லாபதா பட்டியல்

வண்டூர்,
10.8.2023

அன்புள்ள அண்ணனுக்கு அரசி எழுதுவது.

அந்தமான் மழை விடாமல் பெய்தாலும் இங்கே இருவரும் காய்ச்சல் இல்லாமல் இருக்கிறோம். உன் சர்க்கரை எவ்வளவில் நிற்கிறது, பானு அண்ணி முட்டிக்குத் தைலம் தேய்க்கிறாளா? இரண்டுக்கும் பதில் வேண்டும். சமாளிப்புப் பதில் வேண்டாம்.

உன் தங்கை இப்போது நிலச்சொந்தக்காரி. படுக்கையில் கிடந்த மாமனாருக்கு இரண்டு வருஷம் மலமும் மூத்திரமும் அள்ளினேன் அல்லவா, அதை அவர் மறக்கவில்லை. கண்ணை மூடுவதற்கு ஐந்து மாதம் முன்பே உப்பங்கழியோர மேட்டு நிலம் முழுவதையும் என் பெயருக்கு மாற்றிவிட்டுத்தான் போனார். பெற்ற பிள்ளைகள் இருவர் இருக்க, வந்தவளுக்கு எழுதினாரே என்று இவர் அண்ணன் கோவிந்தராஜுக்கு முகம் சுண்டிப்போயிற்று. இவர் வழக்கம்போல் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். நான் என்ன கேட்டா வாங்கினேன்?

நிலம் பெயருக்கு வந்ததும் விவசாயிகளுக்குக் கவர்மென்ட் கொடுக்கும் உதவிப் பணமும் என் பாஸ்புக்கில் விழ ஆரம்பித்துவிட்டது. இங்கே அதைக் கிசான் பணம் என்பார்கள். நாலு மாதத்துக்கு ஒருமுறை இரண்டாயிரம். முதல் தவணையில் எனக்கு ஒரு ரப்பர் செருப்பும் மாமனார் படத்துக்குச் சட்டமும் வாங்கினேன்.

அந்தப் பணத்துக்காக ஓடிபி வரும் என்று மூத்தார் கோவிந்தராஜ் என் போனை வாங்கி வைத்துக்கொண்டார். "நீ எதுக்கும்மா அலையணும், நான் பாத்துக்கறேன் நா. தும் ஆராம் கரோ" என்கிறார். ஓய்வெடு என்று அர்த்தமாம். மில் இரைச்சலில் உனக்குக் காது போயிற்று, எனக்குப் போன் போயிற்று. இனி நமக்குத் தபால்தான் கதி. தபால்காரர் கழி வரை நடக்க மாட்டார், பஸ் ஸ்டாப் கடையில் போட்டுவிடுவார். சாமான் வாங்கப் போகும்போது நான் எடுத்துக்கொள்வேன்.

கொரோனா சமயத்தில் நம் ஊரிலேயே கல்யாணம் முடிந்து வந்தவள், வந்த நாளிலிருந்து மாமனார் கட்டிலை விட்டு நகராதவள். அதனால் என்னை இங்கே யாருக்கும் தெரியாது. வெளியே யாராவது இந்தியில் கேட்டால் விழிக்கக்கூடாது என்று மூத்தார் ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்திருக்கிறார். 'மே காம்வாலி ஹூம்.' வேலையாக வந்திருக்கிறேன் என்று அர்த்தம். நான் சொன்னதும் எல்லோரும் பேசாமல் போய்விடுகிறார்கள். இந்தி இவ்வளவு சுலபமா அண்ணா.

அண்ணி கையால் இரண்டு வரி எழுதச் சொல்.

உன் தங்கை
அரசி


திருக்கோவிலூர்,
29.8.2023

என் அரசிக்கு,

நாங்கள் இருவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். சர்க்கரை இருநூற்றுப் பத்து. சமாளிக்கவில்லை, சீட்டைப் பார்த்து எழுதுகிறேன். தைலம் தேய்த்தது நான்தான், உன் அண்ணி கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

நிலச்சொந்தக்காரி அம்மாளுக்கு வணக்கம். அடுத்த தடவை வரும்போது குடை பிடிக்க ஆள் அனுப்புகிறேன்.

விளையாட்டு இருக்கட்டும். பணம் உன் பெயரில், போன் அவர் கையில் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. மாப்பிள்ளை முத்துமணி வாயைத் திறந்து கேட்க மாட்டாரா? அவருக்கு அண்ணன் என்றால் அவ்வளவு பயமா? எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே. படிக்கத் தெரியாத பாஷையில் இருந்தால் தொடவே தொடாதே. கோவிந்தராஜுக்கு அந்த நிலத்தின்மேல் என்ன அவசரம் என்று விசாரித்து எழுது.

மில்லில் ஈர நெல்லாக வந்து குவிகிறது. எடை போட்டுப் போட்டு முதுகு விட்டுப்போயிற்று. உன் அண்ணி எழுத மாட்டாளாம், கையெழுத்தைப் பார்த்து நீ சிரிப்பாயாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ராஜமாணிக்கம்


வண்டூர்,
24.9.2023

அண்ணா,

உன் கடிதம் நனைந்து வந்தாலும் எழுத்து அழியவில்லை. இருநூற்றுப் பத்து என்றால் வெல்லக் காப்பி இன்னும் நிற்கவில்லை என்று தெரிகிறது. இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை.

அவசரம் என்னவென்று கேட்டாயே. உதயசூரியன் என்று ஒரு கான்ட்ராக்டர், மெயின்லேண்டிலிருந்து வருகிறார். கழியோர மேட்டில் ரிசார்ட் கட்ட வேண்டுமாம். மூத்தார் அவருக்கு இளநீர் வெட்டிக்கொடுத்து நிலத்தைச் சுற்றிக் காட்டுகிறார். என்னிடம் கேட்டார்கள். விற்க மாட்டேன் மாமா, பாக்கு இப்போதுதான் காய்க்க ஆரம்பித்திருக்கிறது என்றேன். அவர் கோபிக்கவே இல்லை. "டீக் ஹை, டீக் ஹை" என்று சிரித்தார். நல்லவராகத்தான் பேசுகிறார்.

போன வாரம் ஒரு வேடிக்கை. கிசான் பணம் வாங்குகிறவர்களை வீடு வீடாக நேரில் பார்க்க ஆபீசரும் புதுப் பட்வாரியும் வந்தார்களாம். பட்வாரி என்றால் நம் ஊர் மணியக்காரர் மாதிரி. நிலத்தைப் பெயர் மாற்ற வீட்டுக்கு வந்த பழைய பட்வாரிக்கு மட்டும் என்னைத் தெரியும், அவர் மாற்றலாகிப் போய்விட்டார். அன்றைக்குப் பார்த்து மூத்தார் விடியற்காலையே என்னை மேட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டார். காற்றில் தேங்காய் நிறைய விழுந்திருக்கிறது, சாயங்காலம் வரை பொறுக்கு என்று சோறும் கட்டிக்கொடுத்தார். நான் திரும்பும்போது ஜீப் போய்க்கொண்டிருந்தது. என்னைப் பார்க்காமல் போய்விட்டார்களே என்றால், "உன் காம் ஹோ கயா, எல்லாம் எழுதியாச்சு" என்றார். அன்றிரவு அவரே சூரை மீன் வாங்கிவந்தார்.

என் துணிப்பெட்டியை மட்டும் மாட்டுக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். வீட்டில் கரையானாம். என் கல்யாணப் படத்தையும் சுவரிலிருந்து கழற்றியிருந்தார்கள். அதுவும் கரையானுக்காகத்தான்.

வெல்லத்தைப் பூட்டி வைக்கும்படி அண்ணியிடம் சொல்.

அரசி


வண்டூர்,
30.10.2023

அண்ணனுக்கு வணக்கம்.

ஒரு மாதமாக உன்னிடமிருந்து எழுத்து இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அண்ணியாவது எழுதக்கூடாதா, நான் சிரிக்க மாட்டேன். எனக்கு இருமல் வந்து போய்விட்டது.

சந்தோஷ சமாசாரம். கிசான் பட்டியலில் என் பெயர் வந்துவிட்டது, என் காதால் கேட்டேன்.

ஸ்கூல் வராந்தாவில் கேம்ப் என்று கடையில் பேசிக்கொண்டார்கள். மூத்தார் போர்ட் பிளேர் போயிருந்தார், இவர் தூக்கத்தில் இருந்தார். நானே பஸ் ஏறிப் போய்விட்டேன். ஒரு சின்னப் பெண் பட்டியலை உரக்கப் படித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் 'லாபார்த்தி' என்றாள். லாபார்த்தி என்றால் பலன் பெறுகிறவர். அது எனக்குத் தெரியும், போர்டிலேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள் என்று மாமனார் சொல்லியிருக்கிறார். என் பெயர் வந்தபோது மட்டும் கொஞ்சம் சுருக்கி, "மங்கையர்க்கரசி, லாபதா" என்றாள். பெண்பிள்ளைகளுக்கு அப்படிச் சொல்வார்கள் போலிருக்கிறது. இந்தியில் ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று என்று வாலை மாற்றிக்கொண்டேதானே இருப்பார்கள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்து, நீ யார், அந்த வீடா என்கிற மாதிரி கேட்டாள். நம்மிடம்தான் வாக்கியம் தயாராக இருக்கிறதே. "மே காம்வாலி ஹூம்" என்றேன். அவள் என்னவோ பரிதாபமாகச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். நல்ல பெண்.

இந்தப் பணம் சின்னதுதான் அண்ணா. ஆனால் மூத்தார் ஒருநாள் இவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "பைசா சோட்டா ஹை, லிஸ்ட் படா ஹை. லிஸ்ட்ல யார் பேரு இருக்கோ அவன்தான் நாளைக்கு ஜமீனுக்கு மாலிக்." பட்டியலில் பெயர் இருந்தால் நிலமும் அவர்களுடையது என்று அர்த்தம். அப்படியானால் நான் லாபதாவாக இருக்கிறவரை நிலம் என்னுடையதுதானே.

தீபாவளிக்கு உனக்கு வேட்டி எடுக்க முந்நூறு அனுப்புகிறேன். குறைச்சலாக இருக்கிறது என்று அண்ணி முகத்தைக் காட்ட வேண்டாம்.

உன் லாபதா தங்கை


திருக்கோவிலூர்,
22.11.2023

அரசி,

எனக்குக் காலில் புண் வந்து நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். உன் இரண்டு கடிதங்களையும் நேற்றுத்தான் சேர்த்துப் படித்தேன். புண் ஆறிவிடும். அதை விடு. இதைத் தனியாக உட்கார்ந்து படி. யாரிடமும் காட்டாதே.

மில்லில் பாய்லர் பக்கம் ஒரு பீகார்க்காரர் வேலை செய்கிறார். நீ எழுதிய வார்த்தைகளை மேஸ்திரி நல்லதம்பியை விட்டு அவரிடம் படிக்கச் சொன்னேன். அவர் சொன்னதை நல்லதம்பி சாக்கட்டியால் மூட்டையின் மேல் எழுதிக் காட்டினார்.

லாபதா என்றால் காணாமல் போனவர். போன இடம் தெரியாதவர்.

காம்வாலி என்றால் வீட்டு வேலைக்காரி.

முதலில் பீகார்க்காரர் சிரித்தார். யாருக்கு இப்படி நடந்தது என்று நல்லதம்பி சொன்னதும் தொப்பியைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

உனக்குப் புரிகிறதா? ஆபீசர் வந்த அன்று உன்னை மேட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்பியிருக்கிறார்கள். துணிப்பெட்டியை மறைத்து, படத்தைக் கழற்றி, இந்த வீட்டுப் பெண் எங்கோ போய்விட்டாள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நீயே போய் அவர்கள் முன்னால் நின்று, நான் அந்த வீட்டு வேலைக்காரி என்று சாட்சி சொல்லிவிட்டு வந்திருக்கிறாய். கட்டினவன் கையெழுத்து இல்லாமல் இது நடக்காது.

ஒருத்தி காணாமல் போன பிறகுதான் காணோம் என்று எழுதுவார்கள். இவர்கள் முதலில் எழுதிவிட்டார்கள். இனி உனக்கு என்ன ஆனாலும் தேட ஆள் வராது.

ஐயாயிரம் மணியார்டர் செய்திருக்கிறேன். மாற்றுப் புடவை எடுக்கிறேன் என்றுகூட நிற்காதே. பஸ் ஏறி போர்ட் பிளேர் போ, கப்பல் ஏறி வந்துவிடு. நிலம் போகட்டும். இரண்டு வேளை சோறு உனக்கு இங்கே எப்போதும் உண்டு.

உன் அண்ணன்


வண்டூர்,
9.12.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

கால் புண்ணுக்கு வேப்பெண்ணெய் வைக்காதே, டாக்டர் சொன்னதை மட்டும் செய். நான் நன்றாக இருக்கிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். அடுப்பில் போட்டேன். மணியார்டரும் வந்தது.

நான் வரவில்லை. நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன். நான் கப்பல் ஏறினால் அவர்கள் எழுதியது உண்மையாகிவிடும். அதைத்தானே அவர்களும் விரும்புவார்கள். இரண்டு வருஷம் நான் தூக்கிய பீக்கும் சளிக்கும் ஒரு கிழவர் கொடுத்த கூலி அது. என்னைக் காணோம் என்று எழுதிவிட்டால் நான் காணாமல் போய்விடுவேனா? எனக்கு அழுகை வரவில்லை.

இவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. மூத்தாரிடமும் கேட்கவில்லை. எப்போதும்போல் சோறு போடுகிறேன்.

மூத்தார் பதினெட்டாம் தேதி கழிக்கு அக்கரையில் ஏதோ நிலம் பார்க்கலாம் என்று கூப்பிடுகிறார். "நீயும் நானும் மட்டும் போலாம், டிங்கியில பத்து நிமிஷம்தான்" என்கிறார். டிங்கி என்பது சின்னப் படகு. அந்தக் கழியில் முதலை இருக்கிறது என்று வனத்துறை பலகை வைத்திருக்கிறது. போன வருஷம் ஒரு நாயை இழுத்துப்போனதை நானே பார்த்தேன். சரி மாமா, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு வாரமாக அவர் இல்லாத நேரத்தில் டிங்கியில் ஏறி இறங்கிப் பழகுகிறேன். எந்தப் பக்கம் மிதித்தால் எந்தப் பக்கம் சாயும் என்று பிடிபட்டுவிட்டது. கொல்லைக் கிணற்றில் என் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டித் தள்ளிவிடுவாயே, மூக்கில் தண்ணீர் ஏறி உன்னைத் திட்டுவேனே. எனக்கு நீச்சல் தெரியும் என்று இங்கே யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவில்லை.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

அரசி


திருக்கோவிலூர்,
27.12.2023

அரசி, அந்தப் படகில் ஏறாதே.

உன் கடிதம் இன்றுதான் வந்தது. பதினெட்டாம் தேதி போய் ஒன்பது நாள் ஆகிறது என்று தெரிந்தும் எழுதுகிறேன். ஏறாதே. ஒருவேளை அவர் தேதியை மாற்றியிருக்கலாம். மழை பெய்து நின்றுபோயிருக்கலாம். நீ கிடைத்ததும் ஒரு வரி போடு. ஒரு வரி போதும்.

உன் அண்ணி சாப்பிடவில்லை.

ரா.மா.


திருக்கோவிலூர்,
22.1.2024

அன்புத் தங்கை அரசிக்கு,

இருபத்தாறு நாளாக உன் பதில் இல்லை. பஸ் ஸ்டாப் கடைக்குப் போன் போட்டு நல்லதம்பியைப் பேசச் சொன்னேன். "அந்த வீட்டில் ஒரு ஆளைக் காணோமாம், போலீஸ் வந்துபோகிறது" என்று மட்டும் சொன்னார்களாம். யாரை என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது. மறுபடி யாரும் எடுக்கவில்லை.

இங்கே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். என் தங்கையைக் கொன்றுவிட்டார்கள் என்று தாளில் எழுதி நீட்டினேன். ஏட்டையா நல்ல மாதிரி. அவரும் தாளிலேயே எழுதிக் காட்டினார்: 'கடிதங்களை எடுத்து வாருங்கள், அங்கே அனுப்புகிறேன்.' உன் கடிதங்களை மஞ்சள் பையில் போட்டு வைத்திருக்கிறேன். வருகிற திங்கட்கிழமை கொண்டுபோகிறேன். பிப்ரவரிக் கப்பலுக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன்.

யாருக்கு எழுதுகிறேன் என்று தெரியாமலே எழுதுகிறேன். இருக்கிறாயா?

அண்ணன்


வண்டூர்,
25.1.2024

அன்புள்ள அண்ணனுக்கு அரசி எழுதுவது.

நான் நலமாக இருக்கிறேன். இடது தோளில் மட்டும் அடி, கையை முழுதாகத் தூக்க முடியவில்லை. உன் கால் ஆறிவிட்டதா? உன்னிடமிருந்து டிசம்பர் கடைசியில் எழுதியது ஒன்று இப்போதுதான் கைக்கு வந்தது.

மூத்தாரைக் காணோம். மார்கழி இரண்டாம் தேதி டிங்கி கவிழ்ந்தது. நான் கரைக்கு வந்தேன், அவர் வரவில்லை. நான்கு நாள் தேடினார்கள். ஒரு செருப்பு கிடைத்தது. முதலைதான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவர் பின்னால் உட்கார்ந்து துடுப்புப் போட்டார், நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன், அவர் எழுந்தார், கவிழ்ந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் அவ்வளவுதான் சொன்னேன். நீயும் இதில் என்ன நடந்தது என்று கேட்டு எழுதாதே.

ஆபீசுக்குப் போனேன். என் பெயரைச் சொன்னேன். மெஷினில் விரலை வைத்தேன், பச்சை விளக்கு எரிந்தது. பட்டியலைப் படித்த பெண் எழுந்து நின்றுவிட்டாள். என்னைக் காணோம் என்று எழுதிக் கொடுத்த தாளையும் காட்டினாள். கீழே இவர் கையெழுத்து இருந்தது, எங்கள் கல்யாணப் பத்திரத்தில் போட்டாரே அதே மாதிரி ஒரு சுழி விட்டு. இப்போது பெயரைத் திருத்திவிட்டார்கள். நின்றுபோன தவணையும் சேர்த்து நாலாயிரம் விழுந்திருக்கிறது.

இவர் குடியை விட்டுவிட்டார். நான் சோறு போட்டால் முதலில் என் முகத்தைப் பார்க்கிறார், பிறகுதான் கை வைக்கிறார். இரவில் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு தனியாகப் படுக்கிறார். நான் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. உதயசூரியன் வந்தார். இளநீர் வெட்டவா என்று கேட்டேன். வேண்டாம் என்று நின்றபடியே போய்விட்டார்.

போர்ட் பிளேரிலிருந்து வந்த இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரியும். "உங்களைக் காணோம்னு எழுதினது உங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்மா?" என்று கேட்டார். "இந்தி தெரியாது சார். லிஸ்ட்ல பேர் வந்துடுச்சுன்னு சந்தோஷமா இருந்தேன்" என்றேன். "யாராவது சொன்னாங்களா?" என்றார். யாரும் சொல்லவில்லை என்றேன். உனக்கும் எழுதிக் கேட்பார்கள்.

ஆகவே அண்ணா, நீ கார்த்திகையில் எழுதிய கடிதம் எனக்கு வந்து சேரவில்லை. நீ எழுதியிருந்தது ஒவ்வொன்றும் சரிதான், ஆனால் அது வரவில்லை.

இப்போது கப்பல் ஏறி வர வேண்டாம். சித்திரையில் அண்ணியோடு வா. பாக்கு வெட்டு முடிந்திருக்கும்.

மங்கையர்க்கரசி


திருக்கோவிலூர்,
12.2.2024

அன்புள்ள மங்கையர்க்கரசிக்கு,

இங்கே நானும் உன் அண்ணியும் சுகம். கால் புண் காய்ந்துவிட்டது. உன் தோளுக்கு ஒத்தடம் கொடு.

ஸ்டேஷனிலிருந்து ஏட்டையா வீட்டுக்கே வந்து மஞ்சள் பையைக் கேட்டார். நான் திங்கட்கிழமை போகவில்லை, உடம்பு சரியில்லை. பையில் ரேஷன் கார்டும் மருந்துச் சீட்டும்தான் இருந்தன. தங்கை கடிதம் போடாத துக்கத்தில் ஏதோ உளறி எழுதிவிட்டேன் ஐயா என்று எழுதிக் காட்டினேன். அண்ணி அவருக்குக் காப்பி போட்டாள். அதற்கு முன்பே அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது.

அங்கிருந்தும் கேட்டு எழுதியிருந்தார்கள். பதில் போட்டுவிட்டேன். என்ன போட்டேன் என்று உனக்கும் தெரிந்திருக்கட்டும்.

கார்த்திகையில் நான் உனக்குக் கடிதம் எதுவும் எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்தேன், பிறகு மில்லில் நெல் வரத்து. தீபாவளிக்குப் பிறகு நீயும் எழுதவில்லை. கல்யாணமாகிப் போனவள் அண்ணனை இப்படியா மறப்பது என்று உன்மேல் எனக்குக் கோபம்.

ராஜமாணிக்கம்